பச்சையப்பன் மாமாவின் இடப்பெயர்வு

யுவஸ்ரீ வரைந்த இந்தியாவின் மேல் பச்சையப்பன் மாமா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தலை வங்காள விரிகுடாவில். முழங்கை பீகாரில். இடுப்பு குஜராத்தைத் தாண்டிவிட்டது, கால் இரண்டும் பீரோவுக்கு அடியில். ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் மொட்டை போட்ட தலை. வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று இன்னமும் தினம் ஒரு உருண்டை சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். அதனால் கடல் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"அம்மா! இங்க வந்து பாரேன். என் பீகாரு போச்சு!"

சுதா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மெல்லப் பேசுடி. மாமா எழுந்துடப் போறாரு."

"எழுந்துக்கட்டும்னுதான் கத்தறேன்!"

மாமா எழுந்துகொள்ளவில்லை. ஒரு பெரிய குறட்டையை விட்டுப் புரண்டு படுத்தார். பீகாரோடு உத்தரப்பிரதேசமும் போயிற்று.

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணியில் எந்த வீடும் வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமில்லை. எட்டாம் வீட்டுச் சொந்தம், ஒன்றுவிட்ட சொந்தம், சொந்தத்தின் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குப் பையோடு வந்து இறங்குவார்கள். படியேறுவார்கள், மொட்டை போடுவார்கள், தெப்பம் பார்ப்பார்கள், நாலு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கே பழகிய கூத்து இது. இந்த வருஷமும் எல்லாரும் கிளம்பியாயிற்று. காவடிக்காரர்கள் போனார்கள், பலூன்காரர்கள் போனார்கள், ராட்டினத்தைக்கூடக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த பச்சையப்பன் மாமாவும் ரத்தினம்மாள் அத்தையும் மட்டும் போகவில்லை.

அத்தை, யுவஸ்ரீயின் அப்பா சந்திரமோகனுக்குக் கூடப் பிறந்த அக்கா. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷி. வந்ததிலிருந்து மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவளுக்கும் சேர்த்து மாமா பேசிவிடுவார்.

யுவஸ்ரீயின் அவசரம் வேறு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் மக்கள்தொகைப் பெருக்கமும் இடப்பெயர்வும் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு குடும்பத்தைப் பிடித்துப் பேசி, ஏன் வந்தார்கள், எது அந்த ஊரிலிருந்து தள்ளியது, எது இந்த ஊருக்கு இழுத்தது என்று சார்ட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை வகுப்பில் பேச வேண்டும். நன்றாகச் செய்தவரைத் திருவள்ளூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு பத்மா மிஸ் அழைத்துப் போவார்.

போன வருஷக் கண்காட்சியில் யுவஸ்ரீ வைத்த மழைநீர் சேகரிப்பு மாதிரி ஓட்டையாகி, தண்ணீரைத் தலைமையாசிரியையின் புதுப் பட்டுப்புடவைக் கொசுவத்தில் சேகரித்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளியில் அவளுக்கு 'வெள்ளம்' என்று பெயர். அந்தப் பெயரைத் துடைக்க இந்தத் திருவள்ளூரை விட்டால் வேறு வழியில்லை.

இந்தப் பாடத்துக்காக முதல் நாளே ஒரு முறை அழுதும் ஆகிவிட்டது. மாமாவும் அத்தையும் வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"இந்தத் தெருவுல எல்லாரும் பொறந்ததுலேந்து இங்கயேதான் இருக்காங்க. வெளியூர்லேந்து வர்றவங்க எல்லாம் ரெண்டு நாள்ல மொட்டையப் போட்டுகினு போயிடறாங்க. திருவிழாவுக்கு வந்துட்டுப் போறது இடப்பெயர்வே இல்லையாம். வந்து தங்கினாத்தான் கணக்காம். எனக்கு மட்டும் ஒரு குடும்பங்கூடக் கிடைக்கல!"

"அழாத கண்ணு" என்றார் மாமா. அத்தை தன் அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அழுகை அப்பளத்தோடு முடிந்தது.

மறுநாளே யுவஸ்ரீக்கு ஆள் கிடைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு எதிரில் பானிபூரி வண்டி போடும் பீகார்க்காரர். குடும்பத்தோடு வந்து நாலு வருஷமாகிறது. தன் கதையையும் சொல்லி, கதைக்கு நடுவே ஆறு பூரியும் கொடுத்தார். யுவஸ்ரீ இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ரோட்டோரப் பானிபூரி என்ற சொல்லைக் கேட்டாலே சுதா கரண்டியை எடுத்துவிடுவாள்.

ஆக, ஆள் ரெடி. கதை ரெடி. எழுதத்தான் இடமில்லை. உள்ளறை அத்தைக்கு. கூடம் மாமாவுக்கு. மேசைமேல் மாமாவின் துணிப்பை, வெற்றிலைப் பொட்டலம், சந்தனக் கிண்ணம். யுவஸ்ரீ மொட்டைமாடியில் கொசுவுக்கு நடுவே படுத்துக்கொண்டு, கீழே தன் இந்தியா கசங்குவதை நினைத்து வயிறெரிந்தாள்.

அதைவிடப் பயமுறுத்தியது மாமாவின் போக்கு. விருந்தாளி விருந்தாளியாக இருந்தால் சரி. அவர் சந்தைக்குப் போய் ஒரு புது பிளாஸ்டிக் பக்கெட் வாங்கி வந்தார். பால்காரரிடம் தன் பெயருக்குத் தனியாக அரை லிட்டர் சொன்னார். பின்கட்டில் மண்ணைக் கிளறிப் பூசணி விதை ஊன்றினார்.

"பூசணி காய்க்க மூணு மாசம் ஆகுமேங்க அண்ணா?" என்றாள் சுதா.

"ஆகட்டும்மா. ஆமா, இந்தத் தெருவுல வாடகை எல்லாம் எப்டி? ரேஷன் கார்டு இந்த அட்ரஸுக்கு மாத்தணும்னா எங்க போணும்?"

சுதா அன்று சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

ஆனாலும் துணிச்சலாக ஒரு நாள் ஆரம்பித்தாள். "அண்ணா, ஊர்ல உங்க தறியெல்லாம் நின்னுகினு இருக்குமே. வேல கெடுமே."

"நிக்கட்டும்மா. நம்ம பாப்பாவ வுடத் தறி பெருசா?"

"அதில்லீங்கண்ணா…" என்று இழுத்த சுதாவின் வாய், பிறந்த நாளிலிருந்து விருந்தாளிகளிடம் சொல்லிப் பழகியதைத் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னும் நாலு நாள் இருந்துட்டுத்தான் போகணும். இல்லன்னா எனக்குக் கோவம் வரும்."

"இருக்கறோம்மா!"

யுவஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "ஏம்மா? ஏன்?"

"வாய் தவறி வந்துடுச்சிடி. வந்தவங்கள போன்னா சொல்ல முடியும்?"

அம்மாவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துபோனது. பாடப்புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும். புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: இழு காரணிகள் குறைந்து உந்து காரணிகள் அதிகமானால் மக்கள் ஓரிடத்தை விட்டு வெளியேறுவார்கள். அவ்வளவுதானே!

முதல் இழு காரணி டி.வி. மாமா காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் அதன் முன்னாலிருந்து எழுந்திருப்பார். யுவஸ்ரீ பள்ளிக்குக் கிளம்பும்போது பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் இருபது செருப்பு கிடந்தது. டி.வி. இல்லாமல் பொழுது போகாத மாமா தெருவில் இறங்கி நடந்திருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று நலம் விசாரித்திருக்கிறார். இப்போது தெருவே கூடத்தில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி மனுசன் நம்ம தெருவுலயே இருந்துடணும்" என்றார் கோடிவீட்டுக்காரர்.

"இருந்துடறேன்" என்றார் மாமா.

சுதா எல்லாருக்கும் டீ போட்டாள். யுவஸ்ரீ ஒயரை ரகசியமாகத் திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. டி.வி.யையும் சேர்ந்தே பார்த்தார்கள்.

இழு காரணி கைகொடுக்கவில்லையா, உந்து காரணி இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம்தான் மக்களை ஊரை விட்டே துரத்துகிறது என்று பத்மா மிஸ் சொல்லியிருக்கிறார். யுவஸ்ரீ மோட்டார் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

மாமா பதறவே இல்லை. போனை எடுத்தார்.

"டேய் சுதாகரு! திருத்தணிலதான் கீறேன். இங்க மோட்டாரு ஓடல. நீ வந்து பாரு. தனியா வராத, குடும்பத்தோட வா. ஆங், புள்ளங்களையும் இட்டுகினு வா."

மணவூர் சுதாகர், மாமாவின் சித்தப்பா மகன், மோட்டார் மெக்கானிக். அடுத்த ரயிலிலேயே பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஸ்பானர் பெட்டி சகிதம் வந்து இறங்கினார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். "ஃபியூஸ் கட்டையே காணோமே! எலி கிலி தூக்கினு போயிருக்கும்."

புதுக் கட்டை போட்டார். தண்ணீர் வந்தது. யுவஸ்ரீ பெருமூச்சு விட்டாள். அத்தோடு விட்டிருந்தால் அவர் என்ன மெக்கானிக்?

"வந்தது வந்துட்டேன், மோட்டாரையும் ஒருவாட்டி பிரிச்சிப் பாத்துடறேன்."

பிரித்தார். கூடத்தில் பாதியை மோட்டாரின் உறுப்புகள் பிடித்துக்கொண்டன. உள்ளே ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டதாம். அரக்கோணம் கடையில் சொல்லி, அது சென்னையிலிருந்து வர வேண்டுமாம். அது வரும்வரை தெருக்குழாயில்தான் தண்ணீர்.

"அதுவரைக்கும் சுதாகர் குடும்பமும் இங்கயே இருக்கட்டும். இன்னாம்மா சுதா?" என்றார் மாமா.

"பின்ன? எங்க போவாங்க?" என்றது சுதாவின் வாய். அவள் கண் மட்டும் அழுதது.

மூன்று பேர் இருந்த வீட்டில் இப்போது ஒன்பது பேர். ஒரு குழந்தைகூடப் பிறக்காமல் மக்கள்தொகை மும்மடங்காகிவிட்டது. அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போய்வரும் சந்திரமோகன், ராத்திரி வீட்டுக்கு வந்ததும், ரயிலில் இருக்கும் இடம்கூட வீட்டில் இல்லை என்று முனகினார்.

"உங்க அக்கா எதுக்கு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றாள் சுதா, குரலைத் தாழ்த்தி. "போன்ல மருமககிட்ட பேசிகினு இருந்தாங்க. 'மாட்டப் பாத்துக்கோம்மா. நாங்க எப்டி வர்றது? வந்த வேல இன்னும் முடியலயே'ன்னாங்க. வந்த வேலன்னா இன்னா? இந்த ஊட்ல பங்கு கேக்கறதுதான்!"

"எங்க அக்காவா? அது வாயத் தொறந்து தண்ணி கேக்காதே."

"தண்ணி கேக்காதவங்கதான் ஊட்டக் கேப்பாங்க."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள். மாமா கண்ணயராத நேரம் பார்த்து பீகாரை நீவி நீவித் திரும்ப வரைந்து முடித்திருந்தாள். மஞ்சள் கடலை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் சார்ட்டில் எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் பேசிப் பார்க்கக்கூட வீட்டில் ஒரு மூலை கிடையாது. கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். பழங்காலத்தில் ஊர் ஊராக மக்களை விரட்டிய உந்து காரணி எது? நோய்.

வியாழக்கிழமை காலை, இட்லி சாப்பிடும் கூட்டத்துக்கு நடுவில் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு அம்மை போட்டிருக்காம். எம் பக்கத்துலதான் உக்காரும். சுத்தி இருக்கறவங்களுக்கெல்லாம் ஒட்டிக்குமாம்."

எல்லார் கையும் நின்றது. ஆகா, வேலை செய்கிறது!

அத்தை எழுந்தாள். ஒன்றும் பேசாமல் யுவஸ்ரீயின் பக்கத்தில் வந்து பின்னலை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். பத்து ராத்திரி மொட்டைமாடிக் கொசு விருந்து வைத்த கழுத்து. செக்கச்செவேலென்று தடிப்பு தடிப்பாக நின்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே" என்றாள். அவ்வளவுதான்.

"ஐயோ அத்த! இது கொசு!"

"அப்டியெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு" என்றார் மாமா, குரலை அடக்கி. "அம்மா வந்திருக்கறா."

அடுத்த நிமிஷம் சுதாகர் வேப்பமரத்தில் இருந்தார். வாசலில் கொத்துக் கொத்தாக வேப்பிலை ஏறியது. யுவஸ்ரீயை உள்ளறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். பள்ளிக்கூடம் என்று அவள் வாயெடுத்ததும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் உதட்டில் விரலை வைத்தார்கள்.

"நாளைக்கு எம் ப்ராஜெக்ட்டுமா! திருவள்ளூருமா!"

"அம்மா எறங்கட்டும்டி, அப்பறம் பாத்துக்கலாம்." பக்திக்கு முன்னால் சுதாவும் கட்சி மாறிவிட்டாள்.

"அப்ப… அப்ப இவங்கள்லாம் ஊருக்குப் போகணுமில்ல? ஒட்டிக்குமில்ல?" யுவஸ்ரீ கடைசியாக முட்டிப் பார்த்தாள்.

மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா வந்த ஊட்லேந்து உள்ள இருக்கறவங்க வெளிய கிளம்பிப் போலாமா கண்ணு? தப்பு. மூணு தண்ணி ஊத்தற வரிக்கும் யாரும் அசையக் கூடாது. உங்க நைனா மட்டும் ரயில்வே வேலைன்னு அம்மாகிட்ட உத்தரவு கேட்டுகினு போய்ட்டு வரட்டும்."

இத்தனை பாடுபட்டு யுவஸ்ரீ உலகத்திலேயே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். உள்ளே இருக்கிறவர்களையும் போகவிடாமல் தன்னையும் கட்டிப் போடுகிற உந்து காரணி.

அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. வெங்காயம், எண்ணெய் எதுவும் ஆகாது. தாளிக்காத குழம்பை மாமா கண்ணில் நீர் தளும்பச் சாப்பிட்டார். சுதாகரின் பிள்ளைகள் சோற்றைப் பார்த்ததுமே அழுதன. அப்போதும் ஒரு ஜீவன்கூட ஊருக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. அதுதான் யுவஸ்ரீக்குப் புரியவே இல்லை. மனுஷர்களா இவர்கள்?

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. வகுப்பில் யார் யாரோ பேசியிருப்பார்கள். யுவஸ்ரீ வேப்பிலையில் குப்புறப் படுத்து, சுருட்டிய சார்ட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகை. இந்த முறை அப்பளமும் கிடையாது, எண்ணெய் ஆகாதே.

சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது. "யுவஸ்ரீ வீடுதானே?"

பத்மா மிஸ்!

"உள்ள வராதீங்க டீச்சர், பாப்பாவுக்கு அம்மை" என்று சுதா ஓடினாள்.

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சும்மா. பயமில்ல." மிஸ் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். கூடம் நிறைய ஆட்கள், நடுவில் பிரித்துப் போட்ட மோட்டார், புது பக்கெட், சந்தனம் பூசிய மாமா. ஒருவழியாகக் கால் வைக்க இடம் தேடி உள்ளறைக்குப் போய் யுவஸ்ரீயின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதை அம்மைன்னது? கொசுக் கடிம்மா இது! நல்ல கொசு."

யுவஸ்ரீ பாய்ந்து எழுந்து மிஸ்ஸைக் கட்டிக்கொண்டாள். சார்ட் விரிந்தது. மிஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பானிபூரிக்காரர் ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து வண்டி வாங்கியது வரை நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு யுவஸ்ரீ. நான் இன்னும் யாரையும் முடிவு பண்ணல. திங்கக்கிழமை வந்து பேசு. பேச்சும் இப்படியே இருந்தா திருவள்ளூருக்கு நீதான். ஆமா, கடல் ஏன் மஞ்சளா இருக்கு?"

பானிபூரி என்ற சொல் காதில் விழுந்து சுதா கரண்டியைத் தேடிப் போயிருந்தாள். யுவஸ்ரீக்கு அதெல்லாம் இப்போது பொருட்டே இல்லை. சந்தோஷத்தில் உளறிவிட்டாள். "எல்லாம் இவங்களாலதான் மிஸ். திருவிழாவுக்கு வந்தாங்க. நானும் என்னென்னவோ உந்து காரணி போட்டுப் பாத்துட்டேன். டி.வி., தண்ணி, அம்மை… ஒண்ணுக்கும் போக மாட்டேங்கறாங்க. ஏன்னே தெரியல!"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமா தலையைக் குனிந்து மொட்டையைத் தடவிக்கொண்டார்.

அப்போது ரத்தினம்மாள் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் பேசினாள்.

"டீச்சரம்மா, வெளியூர்லேந்து ஒரு குடும்பம் வந்து தங்கினாத்தான் மார்க்குன்னு எங்க பாப்பா சோத்துத் தட்டுல கண்ணீர் வுட்டுச்சி, அதான் தங்கிட்டோம், ஒரு குடும்பம் பத்துமோ பத்தாதோன்னு மணவூர்லேந்து இன்னொண்ணும் வரவெச்சோம். நீங்க கண்ணால பாத்துட்டீங்கல்ல, மார்க்கப் போட்டுடுங்கம்மா… ஊர்ல எங்க மாடு கத்திகினு கீதாம், நாங்க ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடறோம்!"